டிக்கெட்டில் ஒரு பெயர், விமானத்தில் இன்னொரு பெயர்... தாமதமானால் யாரைக் கேட்பது?

விமான டிக்கெட் கைக்கு வந்ததும் எல்லோரும் பார்ப்பது மூன்றே விஷயங்கள். தேதி, நேரம், எத்தனை கிலோ லக்கேஜ். அவற்றுக்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'ஆப்பரேட்டட் பை' என்று தொடங்கி, ஒரு நிறுவனத்தின் பெயர் வரும். டிக்கெட்டை விற்றவர் ஒருவர், விமானத்தை ஓட்டப்போகிறவர் வேறொருவர் என்பதுதான் அதற்கு அர்த்தம். இதற்கு 'கோட்ஷேர்' என்று பெயர்.

கல்யாண கான்ட்ராக்டரிடம் அட்வான்ஸ் கொடுக்கிறோம். இனிப்பு போடுவதற்கு அவர் வேறு ஊர் ஆளைக் கூட்டிவருகிறார். இரண்டு பேருக்கும் உள்ள கணக்கு நமக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், ஜாங்கிரி ஊசிப்போனால் யார் சட்டையைப் பிடிப்பது? கோட்ஷேர் விமானம் தாமதமாகும்போது எழுவதும் இதே கேள்விதான்.

கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவருக்கு, போன வருடம் இந்தக் கேள்வி ரொம்ப நெருக்கத்தில் வந்து நின்றது. வயது 67. மகளும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் இருக்கிறார்கள். பேத்தி பிறந்ததைப் பார்த்துக்கொள்ளப் போனவர், தம்பியின் அறுபதாம் கல்யாணத்துக்காக மூன்று மாதத்தில் ஊர் திரும்பினார். திருக்கடையூரில் வியாழக்கிழமை காலை முகூர்த்தம். ஃப்ராங்க்ஃபர்ட்டில் செவ்வாய் இரவு ஏறி, புதன்கிழமை காலை ஒரு வளைகுடா நகரத்தில் விமானம் மாறி, மதியம் இரண்டரை மணிக்குச் சென்னை. அங்கிருந்து காரில் ராத்திரிக்குள் திருக்கடையூர். ஒரு இரவு முழுக்கக் கையில் இருந்தது. இதற்குமேல் யாராலும் ஜாக்கிரதையாகத் திட்டம் போட முடியாது.

டிக்கெட் ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் பெயரில் இருந்தது. முதல் விமானத்தை அவர்களே ஓட்டினார்கள். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது விமானத்திலும் அதே ஐரோப்பிய நிறுவனத்தின் எண்தான். ஆனால், ஓட்ட வேண்டியது வளைகுடாவைச் சேர்ந்த கூட்டாளி நிறுவனம். காலை ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய அது, முதலில் பதினோரு மணி என்றது, பிறகு இரண்டு மணி, பிறகு ஆறு மணி. கடைசியில் ராத்திரி பதினொன்றுக்குக் கிளம்பியது. சென்னையில் இறங்கும்போது வியாழன் அதிகாலை நாலரை. 14 மணி நேரத் தாமதம்.

இடைப்பட்ட நேரத்தில் அவருக்குக் கிடைத்தது இரண்டு சாப்பாட்டுக் கூப்பன். முட்டி வலிக்காரர், சாய்ந்து படுக்க இடமில்லாமல் பகல் முழுக்க இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாட்ஸ்அப்பில் மகள் ஒரு வேலை கொடுத்திருந்தாள். "அம்மா, போர்டுல நேரம் மாறும்போதெல்லாம் ஒரு போட்டோ எடுத்து வை. என்ன காரணம்னு கேட்டு, எழுதி வாங்கு."

கணக்கு டீச்சர் இல்லையா? போட்டோ எடுத்ததோடு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நேரத்தையும் வரிசையாக எழுதிவைத்தார். கவுன்டரில் இருந்த பையனிடம் விடாமல் கேட்டு, 'தொழில்நுட்பக் கோளாறு' என்று குறிப்பிட்ட தாமதச் சான்று ஒன்றையும் வாங்கிக்கொண்டார். அந்த ஒற்றைத் தாள் பின்னால் எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

திருக்கடையூர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரையைத் தாண்டிவிட்டது. கலசாபிஷேகம் முடிந்து, தாலி கட்டி முடித்து, முதல் பந்தி இலையும் எடுத்தாகிவிட்டது. தம்பி மட்டும் மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "அக்கா கையால அட்சதை வாங்காம கழட்ட மாட்டேன்னுட்டான்" என்று சொல்லும்போது டீச்சருக்கு இப்போதும் குரல் இறங்கிவிடுகிறது. அப்பா, அம்மா இல்லாத வீட்டில், ஆசீர்வாதம் செய்ய மூத்தவராக இருந்தது அவர் ஒருவர்தான்.

நஷ்ட ஈடு கேட்கலாம் என்று மகள் முதலில் சொன்னபோது, "விடுடி. போனது திரும்பியா வரப்போகுது?" என்றுதான் டீச்சர் சொன்னார். நம் வீடுகளில் பெரும்பாலும் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

மகள் விடவில்லை. ஐரோப்பிய நிறுவனத்தின் இணையதளத்தில் படிவத்தை நிரப்பி அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'எங்கள் விமானம் சரியான நேரத்தில் சென்றது. தாமதமானது எங்கள் கூட்டாளியின் விமானம். அவர்களை அணுகவும்.' கூட்டாளிக்கு எழுதினால், 'உங்களுக்கு டிக்கெட் வழங்கியவர்களை அணுகவும். மேலும் எங்கள் விமானம் ஐரோப்பாவுக்கு வெளியே பறந்தது, ஐரோப்பிய விதி எங்களுக்குப் பொருந்தாது' என்று பதில். தாலுகா ஆபீஸுக்கும் வி.ஏ.ஓ ஆபீஸுக்கும் நடுவே நடந்து பழகியவர்களுக்கு இந்த நடை புதிதல்ல. வெளிநாட்டிலும் இப்படித்தான் என்பது மட்டும் செய்தி.

இரண்டு கடிதங்களையும் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்ட டீச்சருக்கு, 'விடுடி' என்ற மனசு அங்கேயே மாறிவிட்டது. "காசு வாங்குறப்போ நான் அவன் பயணி. கேள்வி கேட்குறப்போ நான் அடுத்தவன் பயணியா? எழுது, நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

இனி சட்டத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்று ஒரு விதிமுறை இருக்கிறது. 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. விமானம் ரத்தானாலோ, இடமில்லை என்று பயணியை ஏற்ற மறுத்தாலோ, தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. தாமதத்துக்குப் பணம் என்று அந்த விதியில் நேரடியாக எழுதப்படவில்லை. 2009-ல் 'ஸ்டர்ஜன்' என்ற வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தை மூன்று மணி நேரம் அல்லது அதற்குமேல் தாமதமாக அடைந்தவரும், விமானம் ரத்தானவரைப் போலத்தான் என்று தீர்ப்பளித்தது. விமான நிறுவனங்கள் விடாமல் எதிர்த்தன. 2012-ல் அதே நீதிமன்றம் அதையே மறுபடியும் உறுதிசெய்தது.

தூரக் கணக்கு இது: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள்ளேயே அதற்கு மேற்பட்ட தூரமென்றாலும், மற்ற இடங்களுக்கு 3,500 கிலோமீட்டர் வரை என்றாலும் 400 யூரோ. அதையும் தாண்டினால் 600. ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னை 7,000 கிலோமீட்டருக்கும் மேல். ஆக, 600 யூரோ. ஒரு சின்ன விலக்கு உண்டு. இந்த நீண்ட தூரத்தில் தாமதம் மூன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் இருந்தால், பாதியாகக் குறைக்கலாம். டீச்சர் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சரி, யார் கொடுப்பது? விதியில் 'விமானத்தை இயக்கும் நிறுவனம்' என்று இருக்கிறது. வெறுமனே டிக்கெட் விற்றவர் அல்ல, ஓட்டியவர். இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஐரோப்பிய நிறுவனம் 'நாங்கள் ஓட்டவில்லையே' என்றது. படித்தவுடன் நியாயம்போலத் தோன்றும். மகளும் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்துச் சோர்ந்துபோயிருந்தாள்.

பிறகு அவள் கண்ணில் பட்டது ஒரு பழைய தீர்ப்பு. செக் குடியரசின் ப்ராக் நகரத்திலிருந்து 11 பயணிகள் அபுதாபி வழியாக பாங்காக் போகிறார்கள். எல்லாம் ஒரே புக்கிங். டிக்கெட் விற்றது செக் ஏர்லைன்ஸ். ப்ராக்கிலிருந்து அபுதாபி வரை அவர்களே ஓட்டினார்கள், நேரத்துக்குப் போனது. அபுதாபியிலிருந்து பாங்காக் வரை கோட்ஷேர் ஒப்பந்தப்படி எதிஹாட் ஓட்டியது. அது 488 நிமிடம் தாமதம். பயணிகள் செக் ஏர்லைன்ஸ்மீது வழக்கு போட்டார்கள். 'எங்கள் பகுதி சரியாகத்தானே நடந்தது' என்று அவர்களும் சொன்னார்கள். அதே வசனம்!

2019 ஜூலை 11 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இதுதான். ஒரே புக்கிங்கில் வாங்கிய பயணம் முழுக்க ஒரே பயணம். அதன் முதல் பகுதியை, ஒன்றியத்திலிருந்து கிளம்பும் பகுதியை, ஓட்டிய நிறுவனம் இயக்கும் நிறுவனம்தான். பயணியோடு ஒப்பந்தம் போட்டதும் அதுதான். இரண்டாவது பகுதியைக் கூட்டாளி சரியாகச் செய்யவில்லை என்ற காரணத்துக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்ள முடியாது. முதலில் பயணிக்குப் பணத்தைக் கொடு, அப்புறம் கூட்டாளியிடம் வாங்கிக்கொள். விதியின் 13-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. கான்ட்ராக்டரும் ஜாங்கிரிக்காரரும் தங்கள் கணக்கைத் தனியாகத் தீர்த்துக்கொள்ளட்டும் என்ற நியாயம்தான், நீதிமன்றத்து பாஷையில்.

2022-ல் இதற்கு இன்னொரு பக்கமும் வந்தது. பிரஸ்ஸல்ஸிலிருந்து நியூவார்க் வழியாக அமெரிக்காவின் சான் ஹோசே நகரத்துக்கு லுஃப்தான்சாவிடம் வாங்கிய டிக்கெட். ஓட்டியது முழுக்க யுனைடெட் ஏர்லைன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். போய்ச் சேர்ந்தது 223 நிமிடம் தாமதம். அங்கே யுனைடெட் ஏர்லைன்ஸுக்கே இந்த விதி பொருந்தும் என்றது நீதிமன்றம். பயணிகளோடு நேரடி ஒப்பந்தம் இல்லை என்பதோ, ஐரோப்பிய நிறுவனம் இல்லை என்பதோ தப்பிக்கும் வழியல்ல. பயணம் ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பியதா, அது போதும்.

டீச்சரின் வழக்கு ப்ராக் பயணிகளின் வழக்குக்கு அச்சு அசலாக இருந்தது. மகள் தீர்ப்பின் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் எழுதினாள். இந்த முறை பதில் பத்தே நாளில் வந்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' 150 யூரோ மதிப்புள்ள வவுச்சர் தருகிறார்களாம், ஓராண்டுக்குள் பயன்படுத்த வேண்டுமாம், ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாப்பிள்ளைக்குச் சபலம். "அத்தை, அடுத்த தடவை வர்றப்போ உதவும்" என்றார். டீச்சர், "600-ல 150 கால்வாசி மாப்ளே. கால் மார்க் வாங்கினவனை நான் பாஸ் பண்ணிவிட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டார்.

அவர் கையெழுத்துப் போடாததே நல்லது. இழப்பீட்டைப் பணமாக, காசோலையாக அல்லது வங்கி வழியாகத்தான் தர வேண்டும். பயணி கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் மட்டுமே வவுச்சர் செல்லும். இதுவும் அதே விதியில் இருக்கிறது.

அடுத்து வந்தது கடைசி அஸ்திரம், 'அசாதாரணச் சூழ்நிலை'. நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணமென்றால் இழப்பீடு கிடையாது. புயல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு மிரட்டல் போன்றவை இதில் வரும். பறவை மோதுவதும் இதில் சேரும் என்று 2017-ல் தீர்ப்பே இருக்கிறது. ஆனால், இயந்திரக் கோளாறு சாதாரணமாக இதில் சேராது. விமானம் வைத்து நடத்துகிறவருக்கு இயந்திரம் பழுதாவது அன்றாடத் தொழிலின் பகுதி என்று 2008-லேயே சொல்லியாகிவிட்டது. அங்கேதான் டீச்சர் நச்சரித்து வாங்கிய அந்தத் தாள் வேலை செய்தது. 'தொழில்நுட்பக் கோளாறு' என்று அவர்கள் கூட்டாளியே எழுதிக் கொடுத்ததை, பிறகு வானிலை என்று மாற்றிச் சொல்ல முடியவில்லை.

நிறுவனம் மௌனமாகிவிட்டது. 'வாங்கித் தருகிறோம், கிடைத்தால் எங்களுக்கு ஒரு பங்கு' என்று சொல்லும் ஏஜென்சிகள் ஐரோப்பாவில் நிறைய உண்டு. கால் பங்குக்கு மேலேயே எடுத்துக்கொள்வார்கள். அலைய நேரமில்லாதவர்களுக்கு அது தப்பில்லை. மகள் அதற்குப் போகவில்லை. ஜெர்மனியில் பயணிகளின் தகராறுகளுக்கென்றே இருக்கும் சமரச அமைப்பில் மனு போட்டாள். பயணிக்குச் செலவில்லை. முதல் கடிதம் எழுதிய ஏழாவது மாதம், 600 யூரோ வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. நம் காசுக்கு அறுபதாயிரம் ரூபாய்க்குப் பக்கம். அதோடு மன்னிப்புக் கடிதமெல்லாம் வரவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, கும்பகோணத்தில் டீச்சர் வீட்டுக்கு ஆலோசனை கேட்டு வந்தவர்கள் மட்டும் நாலைந்து பேர். பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கும் தெரு அது. அதில் இரண்டு பேருக்கு 'கிடைக்காது' என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஒருவர், சென்னையிலிருந்து வளைகுடா நிறுவனத்தில் பாரிஸ் போனவர். இந்த விதி ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எல்லா விமானங்களுக்கும் உண்டு. வெளியிலிருந்து ஒன்றியத்துக்குப் போகும்போது, ஓட்டுவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே உண்டு. போகவர டிக்கெட்டை ஒன்றாக வாங்கியிருந்தாலும் போவது தனி, வருவது தனி என்பது 2008-ல் வந்த எமிரேட்ஸ் வழக்கின் தீர்ப்பு. 'ஆப்பரேட்டட் பை' வரியை உற்றுப் பார்க்கவேண்டியது இங்கேதான். டிக்கெட்டில் ஜெர்மன் நிறுவனத்தின் எண் இருக்கலாம். சென்னையிலிருந்து கடைசி வரை ஓட்டுவது இந்திய நிறுவனமென்றால் இந்த 600 யூரோவைக் கேட்க முடியாது. அதே டிக்கெட்டில் பின்பகுதியை ஐரோப்பிய நிறுவனம் ஓட்டினால் கேட்கலாம். நியூயார்க்கிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வழியாக ஹாம்பர்க் போன ஒருவரின் வழக்கில் 2020-ல் இப்படித்தான் ஆனது. தாமதம் முதல் விமானத்தில், பொறுப்பு இரண்டாவதை ஓட்டிய கே.எல்.எம் நிறுவனத்துக்கு.

இன்னொருவருடைய மகன், நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கியிருந்தான். ஒரே புக்கிங் என்றால்தான் பயணம் முழுதும் ஒன்றாகக் கணக்கிடப்படும். தனித்தனி என்றால் முதல் விமானத்தின் தாமதம் தனி, அதனால் அடுத்ததைத் தவறவிட்டது உங்கள் பாடு.

பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகிவிட்டாலும், இதே விதியைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது. தொகை 220, 350, 520 பவுண்டு.

நம் ஊர் நிலைமை? டி.ஜி.சி.ஏ விதிப்படி உள்நாட்டு விமானம் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி. ஆறு மணி நேரத்துக்கு மேலென்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஹோட்டல். இரவு எட்டு மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானமென்றால் ஆறு மணி நேரத் தாமதத்துக்கே ஹோட்டல் உண்டு. முன்னறிவிப்பில்லாமல் ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. தாமதத்துக்கென்று தனியாக ஒரு பைசா கிடையாது. உலகத்திலேயே வேகமாக வளர்கிற விமானச் சந்தை என்று மார்தட்டுகிற நாட்டில் இது கொஞ்சம் கருமித்தனம்தான்.

ஆனாலும் சர்வதேசப் பயணத்துக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. 2009-ல் இந்தியா இணைந்த மான்ட்ரியல் உடன்படிக்கை. தாமதத்தால் உண்மையில் ஏற்பட்ட செலவை, ஓர் உச்சவரம்புக்குள், ரசீதோடு கேட்கலாம். நிறுவனம் தன்னால் முடிந்த எல்லா நடவடிக்கையையும் எடுத்தது என்று நிரூபித்தால் தப்பிக்கும். கோட்ஷேர் பயணிகளுக்கு இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ஒப்பந்தம் போட்ட நிறுவனம், உண்மையில் ஓட்டிய நிறுவனம், இரண்டில் யார்மீது வேண்டுமானாலும் வழக்கு போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2019-ம் வருட நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். டிக்கெட் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. டீச்சருக்காகச் சென்னை விமான நிலையத்தில் 14 மணி நேரம் காத்திருந்த கார்க்காரர் வாங்கிய வெயிட்டிங் சார்ஜ், இந்த வகையில் வரக்கூடியதுதான். "அவன்கிட்ட ரசீது வாங்கலையே!" என்று டீச்சர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

ஐரோப்பாவிலும் காற்று மாறிக்கொண்டிருக்கிறது. மூன்று மணி நேரம் என்பதை, தூரத்தைப் பொறுத்து நான்கு, ஆறு மணி நேரமாக உயர்த்தலாம் என்று 2025 ஜூனில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் ஒப்புக்கொண்டார்கள். 600 யூரோவை 500 ஆக்குவதும் அதில் உண்டு. ஐரோப்பிய நாடாளுமன்றம் மூன்று மணி நேரத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

வந்த 600 யூரோவில் டீச்சர் தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி, தம்பி மனைவியோடு மறுபடியும் திருக்கடையூர் போய், அபிராமிக்குப் புடவை சாத்தி, வந்த சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டார். முகூர்த்தமெல்லாம் இல்லை, சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிச்சம் பேத்தியின் பேரில் டெபாசிட். வருகிற சித்திரையில் பேத்திக்கு முதல் பிறந்தநாள், டிக்கெட் பார்க்கலாமா என்று மாப்பிள்ளை போன வாரம் போனில் கேட்டார். விலையைச் சொல்ல ஆரம்பித்தவரை டீச்சர் நிறுத்தினார்.

"விலை கிடக்கட்டும் மாப்ளே. பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு, அதைப் படிங்க."